டிவிடி பர்னருக்கு ஃபார்ம்வேர் அப்டேட் செய்வதா, வேண்டாமா: செங்கோட்டை வீடியோ கடை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

செங்கோட்டையில் கல்யாண வீடியோ எடுக்கும் ஒரு கடை. உரிமையாளருக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. எங்களுக்கெல்லாம் அவர் அண்ணாச்சி. எடிட்டிங் முழுவதும் அவர் மகள் கையில். டிஸ்க் போடுவது, கவர் ஒட்டுவது, கொண்டுபோய்க் கொடுப்பது எல்லாம் உதவியாளர் தம்பியின் வேலை. கடையின் கணினிகளைப் பார்த்துக்கொள்வது நான், தென்காசியிலிருந்து போய்வருகிறேன். யார் பெயரையும் இங்கே எழுதவில்லை. பர்னர் நிறுவனம், டிஸ்க் நிறுவனம் பெயர்களும் வேண்டாம் என்று விட்டிருக்கிறேன். இங்கே நடந்தது எந்தப் பெயர் போட்ட பொருளுக்கும் நடக்கக்கூடியதுதான்.

செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் பக்கம் இருந்த ஊர். கோடு மாறினாலும் கொள்வினை கொடுப்பினை மாறவில்லை. புளியரை தாண்டினால் ஆரியங்காவு, தென்மலை, புனலூர். அங்கிருந்தும் இந்தக் கடைக்குக் கல்யாண ஆர்டர் வருகிறது. இன்றைக்கு யார் டிவிடி கேட்கிறார்கள் என்று நினைக்கலாம். மாப்பிள்ளையும் பெண்ணும் கேட்பதில்லை, அவர்களுக்குப் பென்டிரைவோ லிங்கோ போதும். கேட்பது பெரியவர்கள். ஆல்பத்தோடு ஒரு பெட்டியில் இரண்டு டிவிடி இருந்தால்தான் அவர்களுக்குக் கல்யாண வீடியோ கைக்கு வந்தது போல. வீட்டில் பழைய பிளேயரும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இன்னொரு வகை ஆர்டரும் உண்டு. வக்கீல் அலுவலகங்கள் விபத்து வழக்குக்கோ சொத்து வழக்குக்கோ சிசிடிவி பதிவை டிஸ்க்கில் போட்டுத் தரச் சொல்வார்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாட்சிய அதிநியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவோடு கொடுக்க வேண்டிய சான்றிதழுக்குப் படிவம் வைத்திருக்கிறது. அதில் கோப்பின் ஹேஷ் மதிப்பையும் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கோப்பின் கைரேகை போன்ற எண்), அது எந்த முறையில் கணக்கிட்டது என்பதையும் எழுத வேண்டும். ஒரு பகுதி பதிவைத் தாக்கல் செய்பவருக்கு, மறு பகுதி நிபுணருக்கு. கடைக்காரருக்கு இதில் கையெழுத்து வேலை இல்லை. ஆனால் கொடுக்கும் டிஸ்க்கில் ஒரு கோப்பு படிக்கவில்லை என்றாலும் ஹேஷ் கணக்கிட முடியாது. இந்த வழியாகத்தான் கோளாறு முதலில் வெளியே வந்தது.

கடையில் இருந்தவை இரண்டு வெளிப்புற டிவிடி பர்னர்கள். இரண்டும் மேசைக் கணினியில் யு.எஸ்.பி. வயரில் ஓடும் மெல்லிய வகை. ஒரே நிறுவனம், அட்டைப்பெட்டியில் ஒரே மாடல் எண். ஆனால் சில வருட இடைவெளியில் வாங்கியவை. பழையது, புதியது என்றே சொல்கிறேன்.

முதலில் தெரிந்தது

வைகாசி முகூர்த்தம் நெருக்கிக்கொண்டிருந்த நேரம். ஒரு வக்கீல் அலுவலகக் குமாஸ்தா டிஸ்க்கைத் திருப்பிக் கொண்டுவந்தார். நான்கு கேமராவின் பதிவு, டிஸ்க் கிட்டத்தட்ட நிரம்பியிருந்தது. முதல் மூன்று கோப்புகளுக்கு ஹேஷ் வந்துவிட்டது. நான்காவதில் நிரல் பாதியில் நின்று, படிக்க முடியவில்லை என்று சொன்னது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். டிவிடியில் பிழைதிருத்தம் வலுவானது. எழுத்து மோசமாக இருந்தால் தரவு கொஞ்சம் மாறி வருவதில்லை. ஒன்று சரியாக வரும், இல்லையென்றால் வராது. அதனால் ஹேஷ் பொருந்தவில்லை என்ற பேச்சே இங்கே எழவில்லை. டிஸ்க்கின் ஒரு பகுதி படிக்கவில்லை, அவ்வளவுதான். குமாஸ்தாவுக்கு இது தெரியாது. யாரோ பதிவைத் திருத்திவிட்டார்கள் என்று வக்கீல் சொல்லிவிடுவாரோ என்று அவருக்குப் பயம். விளக்கிச் சொல்லி, அன்றைக்கே வேறு டிஸ்க் போட்டுக் கொடுத்தோம். தாக்கல் செய்யும் முன்பே பிடிபட்டதால் அங்கே பிரச்சினை வளரவில்லை.

அப்புறம்தான் மற்ற புகார்கள் நினைவுக்கு வந்தன. புனலூர் வீடு ஒன்றிலிருந்து, முகூர்த்தம் எல்லாம் நன்றாக ஓடுகிறது, சத்யா (கல்யாண விருந்து) பரிமாறும்போது படம் நின்றுவிடுகிறது என்று போன் வந்திருந்தது. இலஞ்சியில் ஒரு வீட்டில் வரவேற்பு நேரத்தில் படம் கட்டம் கட்டமாக உடைந்தது. இரண்டையும் அவர்கள் வீட்டுப் பிளேயரின் குற்றம் என்று கடையில் ஒதுக்கியிருந்தார்கள். அது தவறான ஊகம் என்று சொல்ல முடியாது, பழைய பிளேயர்கள் அப்படித்தான். ஆனால் எல்லாப் புகாரிலும் ஒரு பொது அம்சம் இருந்தது. தாலி கட்டுவது ஓடுகிறது, விருந்து ஓடுவதில்லை. டிஸ்க்கை உள்வட்டத்திலிருந்து வெளிவட்டத்துக்கு எழுதுகிறோம். விருந்தும் வரவேற்பும் வெளி ஓரத்தில் இருக்கும். குமாஸ்தாவின் நான்காவது கோப்பும் அங்கேதான் இருந்தது.

இதோடு சேர்த்து இன்னொரு தொந்தரவும் இருந்தது. சில டிஸ்க்குகள் எழுதிக்கொண்டிருக்கும்போதே, முக்கால்வாசியைத் தாண்டியதும், எழுதுவதில் பிழை என்று சொல்லி நின்றுவிடும். தம்பி அவற்றைத் தனியாக ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தார். டப்பா நிறைந்துகொண்டிருந்தது.

அப்டேட் என்ற பேச்சு எப்படி வந்தது

மகள்தான் தேடிப் பார்த்தவர். நிறுவனத்தின் தளத்தில் அந்த மாடல் எண்ணுக்குப் புதிய ஃபார்ம்வேர், அதாவது பர்னருக்குள்ளேயே இருந்து அதை இயக்கும் நிரல், இருந்தது. குறிப்பில் ஒரே ஒரு வரி: சில வகை டிஸ்க்குகளில் எழுதும் தரம் மேம்படுத்தப்பட்டுள்ளது. எந்த டிஸ்க், எந்த வேகம், ஒன்றும் கிடையாது. இந்த மாதிரிக் குறிப்புகளைப் படித்துப் பழகியவர்களுக்குத் தெரியும், அந்த ஒரு வரி உங்கள் கோளாறுக்கு நேர் மருந்தாகவும் இருக்கலாம், துளியும் தொடர்பில்லாததாகவும் இருக்கலாம்.

“இன்னைக்கே போட்டுறலாம்ப்பா, ரெண்டு நிமிஷம்” என்றார் மகள். அண்ணாச்சிக்கு மனமில்லை. “ஓடுறத ஏன் தொடணும்? டிஸ்க்குதான் மோசம், பெட்டி மாறுனதுலேர்ந்துதான் இந்தக் கோளாறே” என்றார். தம்பி தனக்குத் தெரிந்த ஒருவரிடம் கேட்டு, வேறொரு யோசனை கொண்டுவந்தார். புதிய பர்னரில் இருக்கும் ஃபார்ம்வேரை எடுத்துப் பழையதில் ஏற்றிவிடலாமாம், மாடல் எண் ஒன்றுதானே.

அண்ணாச்சி சொன்ன பெட்டி விஷயத்தில் விவரம் இருந்தது. ஐம்பது டிஸ்க் கொண்ட அதே பெயர், அதே படம் போட்ட பெட்டிதான் வந்துகொண்டிருந்தது. ஆனால் எழுதும் மென்பொருளில் டிஸ்க்கைப் போட்டுப் பார்த்தால் பழைய பெட்டியின் டிஸ்க்குக்கு ஒரு மீடியா குறியீடு, புதிய பெட்டிக்கு வேறு. இந்தக் குறியீடு அச்சிட்டது அல்ல, டிஸ்க்கின் தடத்திலேயே தயாரிக்கும்போது பதிந்து வருவது. உறையில் யார் பெயர் இருந்தாலும் உள்ளே எந்த வகை டிஸ்க் என்பதை அதை வைத்துத்தான் பர்னர் அறியும்.

பர்னரின் ஃபார்ம்வேருக்குள் இந்தக் குறியீடுகளின் பட்டியல் ஒன்று இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் லேசரை எவ்வளவு வலுவில், எவ்வளவு நேரம், எந்த வடிவத் துடிப்பில் அடிக்க வேண்டும் என்ற கணக்கு எழுதியிருக்கும். பட்டியலில் இல்லாத டிஸ்க் வந்தால் பர்னர் பொதுக்கணக்கு ஒன்றில் எழுதும். அது ஒத்துவந்தால் சரி. ஒத்துவராவிட்டால் எழுதி முடித்ததாகச் சொல்லும், படிக்கும்போதுதான் வண்டவாளம் தெரியும்.

டிஸ்க் உலகம் கடந்த பத்து வருடத்தில் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்பதையும் இங்கே நினைக்க வேண்டும். தரத்துக்குப் பேர்போன ஜப்பானின் தையோ யூடன் 2015இல் இந்தத் தொழிலை விட்டது. நம் ஊர்க் கடைகளில் ஒரு காலத்தில் எங்கும் கிடைத்த மோசர் பேர் 2018இல் கலைப்புக்குப் போனது. வெர்பேட்டிம் பெயரை 2019இல் தைவானின் சிஎம்சி வாங்கியது. சோனி எழுதும் ப்ளூரே டிஸ்க் தயாரிப்பை 2025இல் நிறுத்தியது. ஆலைகள் குறையக் குறைய, ஒரே பெட்டிக்குள் வேறு வேறு டிஸ்க் வருவது சாதாரணமாகிவிட்டது. பர்னர் செய்தவர்களோ பழைய மாடல்களுக்குப் பட்டியலைப் புதுப்பிப்பதைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டார்கள். ஆகவே புதிய ஃபார்ம்வேர் ஒன்று இருக்கிறது என்பதே இப்போது அபூர்வம். மகளின் ஆர்வத்தில் நியாயம் இருந்தது.

ஒரே இடத்தில் இரண்டு கோளாறு

ஆனால் எழுதும்போதே நின்றுபோகும் டிஸ்க்குகள் இந்த விளக்கத்துக்குள் முழுதாக அடங்கவில்லை. தம்பியின் டப்பாவைக் கிளறினால் அதில் பழைய பெட்டி டிஸ்க்குகளும் கிடந்தன. பழைய பெட்டி டிஸ்க்கில் வருடக்கணக்கில் எழுதிய பர்னர் அது. பட்டியலில் இல்லை என்று சொல்ல முடியாது.

மேசையைப் பார்த்தால் காரணம் தெரிந்தது. இரண்டு பர்னரும் கணினியின் முன்பக்க யு.எஸ்.பி. துளையில், ஒரு துளையைப் பலவாக்கும், மின்சாரம் தனியாக எடுக்காத ஒரு ஹப் வழியாக ஓடிக்கொண்டிருந்தன. அதே ஹப்பில் வெளிப்புற ஹார்ட் டிஸ்க் ஒன்றும். யு.எஸ்.பி. 2.0 துளை ஒன்று தர வேண்டியது 500 மில்லிஆம்பியர், 3.0 என்றால் 900. மெல்லிய பர்னர் எழுதும்போது இதைத் தொட்டுவிடும், சில நேரம் தாண்டும். 8 எக்ஸ் வேகம் என்று போட்டிருந்தாலும் இந்த வகைப் பர்னர் உள்வட்டத்தில் மெதுவாகத் தொடங்கி, வெளி ஓரத்தில்தான் அந்த வேகத்தைத் தொடும். டிவிடிக்கு 1 எக்ஸ் என்பது நொடிக்குச் சுமார் 1.38 மெகாபைட், 8 எக்ஸ் என்றால் 11க்கு மேல். வேகம் கூடினால் லேசருக்கு வலுவும் கூட வேண்டும். அதாவது மின்சாரம் போதாவிட்டாலும் கோளாறு வெளி ஓரத்தில் வரும், எழுதும் கணக்கு சரியில்லை என்றாலும் வெளி ஓரத்தில்தான் வரும். இரண்டும் ஒரே இடத்தில் ஒன்றை ஒன்று மறைத்துக்கொண்டிருந்தன.

பிரித்துப் பார்க்க வழி எளிது, பொறுமைதான் வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது. பழைய பெட்டி டிஸ்க்கை ஹப்பில் போட்டு எழுதினோம், நின்றது. அதே டிஸ்க் வகையை, அதே பர்னரில், கணினியின் பின்பக்கத் துளையில் நேரடியாக மாட்டி எழுதினோம், எதுவும் நிற்கவில்லை. ஆக, நின்றுபோனது மின்சாரக் கோளாறு. ஃபார்ம்வேருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அன்றே ஹப் மேசையை விட்டுப் போனது.

அடுத்து புதிய பெட்டி டிஸ்க், பின்பக்கத் துளை. இப்போது எழுதுவது நிற்கவில்லை. பிழைச் செய்தியும் இல்லை. கடையில் வழக்கமாகச் செய்யும் சரிபார்ப்பிலும் தேறியது. இந்த இடத்தில்தான் நான் கொஞ்சம் பிடிவாதம் பிடித்தேன். கடையில் சரிபார்ப்பது எழுதிய அதே பர்னரில். தான் எழுதியதைத் தானே படிப்பதில் ஒரு பர்னருக்குச் சலுகை உண்டு. அதன் சாய்வுக்கும் கோணத்துக்கும் ஒத்துப்போன எழுத்து அது. அடுத்தவர் வீட்டுப் பிளேயருக்கு அந்தச் சலுகை கிடையாது. அதனால் டிஸ்க்கை என் பழைய லேப்டாப்பின் டிரைவில் போட்டு, படிக்கும் வேகம் எப்படிப் போகிறது என்று கோடு வரைந்து பார்த்தோம். பழைய பர்னரில் எழுதியது நன்றாக ஏறிக்கொண்டே வந்து, கடைசிப் பகுதியில் சடாரென்று விழுந்து, திக்கித் திக்கி முடிந்தது. புதிய பர்னரில் எழுதிய அதே பெட்டி டிஸ்க்கில் கோடு கடைசிவரை சீராக ஏறியது.

முறையாகச் செய்பவர்கள் இந்த இடத்தில் பிழை எண்ணிக்கையையே அளப்பார்கள். அடுத்தடுத்த 8 பிழைதிருத்தத் தொகுதிக்குச் சேர்த்து உள்பிழை (படிக்கும்போது டிரைவ் கண்டுபிடிக்கும் சிறு பிழை) 280க்குள் இருக்க வேண்டும் என்பது தரநிலை. அதை அளந்து சொல்லும் டிரைவ் சில மாடல்களில்தான் உண்டு, எங்களிடம் இல்லை. வேகக்கோடு அந்த அளவு நுட்பமானது அல்ல, ஆனால் இந்தக் கேள்விக்கு அது போதும்.

ஆக, பழைய பர்னர், புதிய டிஸ்க், இந்த ஜோடி மட்டும்தான் ஃபார்ம்வேர் தொட வாய்ப்புள்ள கோளாறு. முதல் நாளே அப்டேட் போட்டிருந்தால், ஹப்பில் நின்றுபோவது அப்படியே தொடர்ந்திருக்கும். அப்டேட்தான் கெடுத்துவிட்டது என்று அண்ணாச்சி சாதித்திருப்பார். யாராலும் மறுத்துச் சொல்ல முடிந்திருக்காது.

பெட்டியில் ஒரே எண், உள்ளே வேறு

அப்டேட் கோப்பை இறக்கும் முன், எந்தப் பர்னரில் என்ன இருக்கிறது என்று பார்த்தோம். அட்டைப்பெட்டியில் உள்ள எண் இதற்கு உதவாது. வெளிப்புறப் பர்னர் என்பது, லேப்டாப்புக்குள் இருக்கும் மெல்லிய டிரைவ் ஒன்றை, யு.எஸ்.பி.யாக மாற்றும் ஒரு சிறு பலகையோடு கூட்டில் அடைத்தது. கூட்டின் எண் ஒன்றாக இருக்கும்போதே உள்ளே இருக்கும் டிரைவ் மாறிவிடலாம்.

டிரைவ் தன்னைப் பற்றிக் கணினிக்குச் சொல்வதைத்தான் நம்ப வேண்டும். நிறுவனத்துக்கு 8 எழுத்து, மாடலுக்கு 16 எழுத்து, ஃபார்ம்வேர் பதிப்புக்கு 4 எழுத்து என்று அது ஒரு வரி அனுப்பும். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரில் அந்த டிரைவின் விவரங்களில் ஹார்ட்வேர் ஐடி என்ற இடத்தில் இது தெரியும். இம்ஜ்பர்ன் போன்ற எழுதும் மென்பொருளைத் திறந்தாலே தெரியும். இரண்டு பர்னரும் வேறு வேறு வரி சொல்லின. மாடல் பகுதியின் கடைசி எழுத்துகள் வேறு, பதிப்பு எழுத்துகளின் வரிசையே வேறு. தளத்தில் இருந்த அப்டேட், பழையதுக்கு உரியது. புதியதுக்கு அப்டேட்டே வெளியாகவில்லை. அதற்குத் தேவையும் இல்லை.

தம்பி கொண்டுவந்த யோசனை இதோடு முடிந்தது. உள்ளே வேறு டிரைவ் என்றால் சிப்பும் வேறாக இருக்கலாம், மோட்டாரும் லேசரும் வேறாக இருக்கலாம். ஒன்றின் ஃபார்ம்வேரை மற்றதில் ஏற்றினால் பர்னர் கண்விழிக்காமலே போகலாம். நிறுவனத்தின் அப்டேட் நிரல் அந்த வரியைச் சரிபார்த்து, பொருந்தாவிட்டால் மறுத்துவிடும். அதை ஏமாற்றும் நிரல்கள் உலவுகின்றன. தெரிந்தவர்கள் தெரிந்து செய்கிறார்கள், அவர்களுக்கு ஒரு பர்னர் போனால் போகட்டும் என்று இருக்கும். கல்யாண வீட்டுக்குத் தேதி சொல்லிவிட்ட கடை அந்த விளையாட்டுக்கான இடம் அல்ல.

எடுத்த முடிவும் காரணமும்

அப்டேட் பழைய பர்னருக்குப் பொருந்தும், குறிப்பின் வரி எங்கள் கோளாறோடு ஒத்துப்போகிறது. அப்படியானால் உடனே செய்ய வேண்டியதுதானே என்று மகள் கேட்டார். வேண்டாம், ஆடி வரட்டும் என்று முடிவு செய்தோம். இதை விளக்கிச் சொல்வது நல்லது, ஏனென்றால் பலரும் இந்தக் கேள்வியைப் பர்னரை வைத்தே தீர்க்கப் பார்க்கிறார்கள். அப்டேட் ஆபத்தா, இல்லையா என்று. எங்கள் கணக்கில் அதைவிட மாதம்தான் முக்கியமாக இருந்தது.

அப்டேட்டின்போது மின்சாரமோ இணைப்போ போனால் பர்னர் செத்துவிடலாம். பழைய நிரலை அழித்துவிட்டுப் புதியதை எழுதும் இடைவெளி அது. பாதியில் நின்றால் கணினிக்கே டிரைவ் தெரியாமல் போகும். சில பதிப்புகள் ஏற்றியபின் பழையதுக்குத் திரும்பவும் விடாது. மோசமாக நடந்தால் என்ன நஷ்டம்? ஆடியில் ஒரு பர்னர் போனால், இன்னொன்று வாங்கினால் ஆயிற்று. சில ஆயிரம் ரூபாய் விஷயம். வைகாசி, ஆனி முகூர்த்தத்துக்கு நடுவில் போனால், பர்னரின் விலை பெரிதில்லை, சொன்ன தேதி தவறிப்போவதுதான் நஷ்டம். அதே ஆபத்து, அதே இரண்டு நிமிட வேலை. விலை மட்டும் மாதத்துக்கு மாதம் மாறுகிறது.

இந்த ஊருக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. மலைக்கு இந்தப் பக்கம் ஆடி, அந்தப் பக்கம் கர்க்கடகம். இரண்டு பக்கத்திலும் அந்த மாதம் கல்யாணம் வைப்பதை ஒதுக்குவார்கள். மதுரையிலோ திருச்சியிலோ உள்ள கடைக்கும் ஆடி ஓய்வுதான், ஆனால் செங்கோட்டைக் கடைக்குக் கேரள ஆர்டரும் சேர்ந்தே ஓய்கிறது. அப்புறம் ஆவணியும் மலையாளத்துச் சிங்கம் மாதமும் ஒன்றாகவே வந்து அழுத்தும்.

அதுவரைக்கு: புதிய பெட்டி டிஸ்க் எல்லாம் புதிய பர்னரில். மிச்சமிருந்த பழைய பெட்டி டிஸ்க் பழைய பர்னரில், வேகத்தை 4 எக்ஸுக்குக் குறைத்து, பின்பக்கத் துளையில். நிறைந்த டிஸ்க் ஒன்றுக்குச் சுமார் கால் மணி நேரம் ஆகும். ஒவ்வொரு டிஸ்க்கையும் மற்றப் பர்னரில் போட்டுப் படித்துப் பார்த்த பிறகுதான் கவர் ஒட்டுவது.

ஏற்கெனவே கொடுத்தவற்றில் எது எந்தப் பர்னரில் எழுதியது என்று கடையில் குறிப்பு இல்லை. ஆகவே புதிய பெட்டி தொடங்கிய பிறகு கொடுத்த எல்லா வீட்டுக்கும் போன் செய்து, கடைசிப் பகுதியைப் போட்டுப் பார்க்கச் சொன்னார் அண்ணாச்சி. நின்ற வீடுகளுக்கு வேறு டிஸ்க் போயிற்று. புனலூர் வீட்டுக்குத் தம்பியே பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

ஆடி

கல்யாணம் ஓய்ந்த மாதம்தான் இங்கே காற்றும் சாரலும் உச்சத்தில் இருக்கும் மாதம். குற்றாலத்துக்குக் கூட்டம் வரும், எங்களுக்கு மின்சாரம் கண் சிமிட்டும். மேசைக் கணினியில் இருந்த யு.பி.எஸ்.ஸின் பேட்டரி பழசு. மின்சாரம் போய் வரும் நொடியில் கணினியே சில நேரம் மறுபடி தொடங்கிவிடுகிறது. ஆகவே அதில் செய்ய வேண்டாம், பேட்டரி நன்றாக இருக்கும் மகளின் லேப்டாப்பில் செய்யலாம் என்று வைத்துக்கொண்டோம். அதிலும் ஒரு சந்தேகம் இருந்தது. சில அப்டேட் நிரல்கள் யு.எஸ்.பி. பலகை வழியாகக் கட்டளையை அனுப்ப முடியாமல், டிரைவைக் கூட்டிலிருந்து கழற்றிக் கணினிக்குள் நேரடியாக மாட்டச் சொல்லும். இந்த நிரல் வெளிப்புறப் பர்னருக்கென்றே வந்தது என்பதால் அந்தத் தொல்லை வராது என்று எதிர்பார்த்தோம், வரவும் இல்லை.

குறித்த நாளில் காற்று பலமாக இருந்தது. லேப்டாப் பேட்டரியில் ஓடுவதால் மின்சாரம் போனாலும் பாதகமில்லைதான். ஆனாலும் அண்ணாச்சி இன்னொரு நாள் பார்ப்போம் என்றார். அவர் சொன்னதற்கு நுட்பக் காரணம் ஒன்றும் கிடையாது. அவசரமும் கிடையாது என்பதால் ஒத்திப்போட்டோம்.

செய்த நாளில் பெரிதாகச் சொல்ல ஒன்றும் நடக்கவில்லை. பேட்டரி முழுதாக ஏற்றி, சார்ஜரும் மாட்டி, லேப்டாப் தூங்கிப்போகாதபடி அமைப்பை மாற்றி, எழுதும் மென்பொருளையும் வேறு நிரல்களையும் மூடி, பர்னரின் தட்டில் டிஸ்க் இல்லை என்று பார்த்து, ஹப் இல்லாமல் நேராக மாட்டினோம். நிரல் இப்போதைய பதிப்பையும் ஏற்றப்போகும் பதிப்பையும் காட்டியது. இரண்டையும் மகள் போனில் படம் எடுத்துக்கொண்டார். தொடங்கியபின் யாரும் மேசையைத் தொடவில்லை. சில நிமிடத்தில் முடிந்தது என்று சொன்னது. வயரைக் கழற்றி மாட்டிப் பார்த்தால் புதிய பதிப்பு எழுத்துகள் வந்திருந்தன.

அப்டேட்டுக்குப் பின்

பழைய பெட்டி டிஸ்க்கில் எந்த மாற்றமும் இல்லை. முன்பு எழுதியது போலவே எழுதியது. இதை முதலில் பார்த்தது வேண்டுமென்றேதான். நன்றாக இருந்ததைக் கெடுக்கவில்லை என்று தெரிந்துகொள்ள.

புதிய பெட்டி டிஸ்க்கைப் போட்டதும் ஒரு வித்தியாசம் கண்ணில் பட்டது. அப்டேட்டுக்கு முன் அந்த டிஸ்க்குக்குப் பர்னர் 8 எக்ஸ் வரை வேகம் காட்டியது. இப்போது 6 எக்ஸோடு பட்டியல் முடிந்துவிட்டது. மகளுக்கு ஏமாற்றம், அப்டேட் போட்டு வேகம் குறைவதா என்று. எனக்கு அதுதான் நம்பிக்கை தந்தது. முன்பு டிஸ்க் யார் என்று தெரியாமல் 8 எக்ஸில் அடித்துக்கொண்டிருந்த பர்னர், இப்போது அடையாளம் கண்டு, இதற்கு இவ்வளவுதான் என்று சொல்கிறது. 6 எக்ஸில் எழுதிய டிஸ்க்கை என் லேப்டாப்பில் போட்டோம். வேகக்கோடு கடைசி ஓரத்தில் லேசாக நடுங்கியது, ஆனால் விழவில்லை. 4 எக்ஸில் நடுக்கமும் இல்லை. இலஞ்சி வீட்டுக்காரர் தன் பிளேயரைக் கடைக்கே கொண்டுவந்து கொடுத்திருந்தார். அதில் வரவேற்பு கடைசிவரை ஓடியது.

ஆக, அப்டேட் பலன் தந்தது. ஆனால் அது எவ்வளவு என்பதையும் சொல்ல வேண்டும். 4 எக்ஸில் எழுதுவது என்று மட்டும் வைத்துக்கொண்டு, அப்டேட் இல்லாமலே கடை ஓடியிருக்குமா? புதிய பெட்டி டிஸ்க்கை அப்டேட்டுக்கு முன் 4 எக்ஸில் எழுதி லேப்டாப்பில் பார்த்திருந்தோம்; கடைசி ஓரத்தில் கோடு அப்போதும் சரிந்தது, ஆனால் குறைவாக. பிளேயர் அதை ஏற்றிருக்குமா என்பது பிளேயரைப் பொறுத்தது. வக்கீல் அலுவலக டிஸ்க்குக்கு அந்த நிலையை நான் ஏற்க மாட்டேன். கல்யாண டிஸ்க் மட்டும் போடும் கடையாக இருந்தால், அப்டேட்டைத் தொடாமல் வேகத்தைக் குறைத்து விட்டிருக்கலாம் என்று நினைக்கிறேன். மகள் இதை ஒப்புக்கொள்ளவில்லை.

இனி கடையில் மாறியிருப்பவை

தம்பி ஒரு நோட்டு வைத்திருக்கிறார். தேதி, பர்னர், டிஸ்க்கின் மீடியா குறியீடு, வேகம், எந்த டிரைவில் படித்துப் பார்த்தது. முகூர்த்த நெருக்கடியில் சில வரிகள் விட்டுப்போகின்றன. வக்கீல் ஆர்டர்களை மட்டும் விடாமல் எழுதியிருக்கிறார். பர்னர்களின் கூட்டில் பதிப்பு எழுத்துகளைச் சீட்டில் எழுதி ஒட்டியாயிற்று.

எழுதிய பர்னரிலேயே சரிபார்ப்பது நின்றுவிட்டது. வக்கீல் அலுவலகத்துக்குப் போகும் டிஸ்க்கில் மட்டும் கூடுதலாக, ஹார்ட் டிஸ்க்கில் உள்ள மூலக் கோப்புக்கும், மற்ற டிரைவில் படித்த கோப்புக்கும் ஷா 256 முறையில் ஹேஷ் எடுத்து ஒப்பிடுகிறார்கள். அந்த அளவுக்கு ஒவ்வொரு கல்யாண டிஸ்க்குக்கும் நேரம் கிடையாது. டிஸ்க்கின் கடைசிப் பத்து நிமிடத்தைப் பிளேயரில் ஓட்டிப் பார்க்கிறார்கள்.

டிஸ்க் வாங்குவதும் மாறியது. முன்பெல்லாம் தென்காசி மொத்தக் கடையில் ஒரே தடவை ஆறேழு பெட்டி எடுப்பார் அண்ணாச்சி. இப்போது முதலில் ஒரு பெட்டி மட்டும். அதைப் பிரித்துக் குறியீட்டைப் பார்த்து, இரண்டு பர்னரிலும் எழுதி, மாற்றிப் படித்துப் பார்த்த பிறகுதான் மீதியை எடுப்பது. ஆவணி தொடங்கும் முன் வாங்கிய பெட்டியில் மூன்றாவதாக ஒரு குறியீடு வந்தது. அதே பெயர், அதே படம். புதிய பர்னரில் சுமாராக எழுதியது, பழையதில் அப்டேட்டுக்குப் பிறகும் கோடு விழுந்தது. நிறுவனத்தின் தளத்தில் அதன்பின் வேறு பதிப்பு வரவில்லை. மொத்தக் கடைக்காரர் மீதிப் பெட்டிகளைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டு, வேறு பெயர் போட்ட டிஸ்க் ஒரு பெட்டி கொடுத்தார். அந்த ஆவணிக்கு அதுதான் ஓடியது.